தட்சன் வைக்காத பத்திரிகை

செட்டிநாட்டில், கண்டரமாணிக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், முதல் பத்திரிகை யாருக்கு என்பதில் வாக்குவாதமே வராது. பிள்ளையாருக்கு. அச்சகத்திலிருந்து கட்டு வந்து இறங்கியதும் மேலாக இருப்பதில் ஒன்றை எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய்க் கற்பக விநாயகர் சந்நிதியில் வைத்து எடுப்பார்கள். பிறகு குன்றக்குடி முருகன். பிறகு ஊர் அம்மனான மாணிக்கநாச்சி. வரிசை வீட்டுக்கு வீடு கொஞ்சம் முன்பின் ஆகும். ஆனால் சாமிகளுக்கு வைத்து முடிக்கும்வரை மனிதர் எவருக்கும் ஒரு பத்திரிகைகூடக் கைமாறாது.

வாக்குவாதம் அதற்கு அப்புறம்தான் தொடங்கும். சித்தப்பா வீட்டுக்கு முதலிலா, அம்மான் வீட்டுக்கு முதலிலா? பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்கு வைப்பதா, விடுவதா? தபாலில் அனுப்பினால் கோபித்துக்கொள்வார்களா? வீட்டுப் பெரியவர்கள் முகப்பில் உட்கார்ந்து, பழைய கல்யாணத்து நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளை அலசுவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது வெறும் மரியாதைக் கணக்காகத் தெரியும். உள்ளே இருப்பதோ சமயங்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் மல்லுக்கட்டியிருக்கிற கேள்வி: ஒருவரை அழைப்பது என்றால் என்ன? அழைக்காமல் விடுவது எந்த அளவுக்குக் குற்றம்?

முதலில் பிள்ளையார் விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் அறிந்தவர், எங்கும் இருப்பவர் என்று சொல்லிவிட்டு, அவருக்குப் போய் முகூர்த்த நேரத்தையும் மண்டப விலாசத்தையும் அச்சடித்துக் கொடுப்பானேன்? நாத்திகர் கேட்கிற கேள்வி மாதிரித் தோன்றினாலும், ஆழ்ந்த பக்தருக்கும் இது வரத்தான் செய்யும்.

இது செட்டிநாட்டுக்கு மட்டுமான வழக்கமும் இல்லை. ராஜஸ்தானத்தில் ரணதம்பூர்க் கோட்டைக்குள் முக்கண் விநாயகர் கோயில் ஒன்று இருக்கிறது. வட இந்தியாவின் பல மூலைகளிலிருந்து அந்த விநாயகர் பெயருக்கே தபாலில் கல்யாணப் பத்திரிகைகள் வந்து குவிகின்றன. தபால்காரர் அவற்றைக் கோட்டைக்கு மேலே கொண்டுவந்து சேர்க்கிறார். பூசாரி பிரித்துச் சாமி முன்னால் வாசிக்கிறார். திருமலைக்கும் இப்படித்தான் பத்திரிகைகள் போகின்றன. தேவஸ்தானத்திலிருந்து மஞ்சள், குங்குமம், அட்சதை பதிலாக வந்து சேரும்போது, பெருமாளே மொய் எழுதிவிட்டதாகப் பெண் வீட்டார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

மதுரைக்குப் போனால் சங்கதி தலைகீழ். அங்கே சாமிக்கே கல்யாணம். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்கும் சொக்கநாதருக்கும் திருக்கல்யாணம் நடக்கும்போது திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் தெய்வானையோடு வருகிறார். தாரை வார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். பக்தர்கள் வரிசையில் நின்று மொய் எழுதுகிறார்கள், கல்யாணச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அழகர் தங்கை கல்யாணத்துக்குத் தாமதமாக வந்து, முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் வருத்தப்பட்டு ஊருக்குள் வராமலே திரும்பினார் என்பது மக்கள் சொல்லும் கதை. சைவ விழாவையும் வைணவ விழாவையும் திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் ஒரே மாதத்துக்குக் கொண்டுவந்தார் என்பது வரலாறு சொல்லும் காரணம். மக்களுக்கு அந்த நிர்வாகக் காரணம் போதவில்லை. வர வேண்டியவர் வந்து சேராத ஒரு கல்யாணமாக அதைப் புரிந்துகொண்டால்தான் அவர்களுக்கு நெருக்கமாக இருக்கிறது.

ஆக, தமிழ் மனத்தில் சாமியும் உறவுமுறைக்குள் இருக்கிற ஆள். அப்படியானால் பத்திரிகை தகவல் சொல்வதற்காக இல்லை. தெரிந்தவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்பதே அதன் முறை. பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றைக்கே எல்லாம் தெரியும்; பெண்ணின் நட்சத்திரம்வரை தெரியும். அதற்காக அவருக்குப் பத்திரிகை வைக்காமல் விட்டுப் பாருங்கள்.

செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் மரபில் சாமிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது பக்தி சம்பந்தப்பட்டதைவிட நிர்வாகம் சம்பந்தப்பட்டது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது நகரக் கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவராகத்தான் ஒவ்வொரு நகரத்தாரும் இருப்பார். ஒரே கோயிலார் பங்காளிகள். உட்பிரிவுகள் உள்ள இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி நீங்கலாக, அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. பிள்ளையார்பட்டியும் இரணியூரும் அண்ணன் தம்பி என்பதால் அந்த இரண்டு கோயிலாருக்கும் நடுவிலும் சம்பந்தம் கிடையாது. கல்யாணம் முடிவானதும் இரு வீட்டாரும் அவரவர் கோயிலுக்குத் தெரிவிக்க வேண்டும். கல்யாணத்தன்று இரண்டு கோயில்களிலிருந்தும் மாலை வந்து சேர வேண்டும். அந்த மாலை வந்தால்தான் முறையான கல்யாணம். அதற்குப் பிறகு மணமக்கள் அந்தக் கோயிலில் ஒரு ‘புள்ளி’. கோயில் கணக்கில் ஏறிய ஒரு குடும்பம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிள்ளையார்பட்டிச் சந்நிதியில் வைத்த பத்திரிகைக்குப் பதில் வரும் என்று யாரும் காத்திருப்பதில்லை. நகரக் கோயிலுக்குச் சொன்னதற்கோ மாலை என்ற பதில் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் கல்யாணமே நிற்கும். ஒரே வாரத்துக்குள் ஒரே குடும்பம் சாமியை இரண்டு விதமாக அழைக்கிறது. ஒன்றில் அவர் வந்தாலும் வராவிட்டாலும் அழைக்கப்பட வேண்டிய பெரியவர். மற்றதில் கையெழுத்துப் போட வேண்டிய சாட்சி.

மூன்றாவதாக ஒரு கூட்டத்தையும் அழைத்தாக வேண்டும். இறந்தவர்களை.

கல்யாணத்துக்கு முன்பு பங்காளிகள் சேர்ந்து படைப்பு வைப்பது செட்டிநாட்டில் வழக்கம். வீட்டில் வாழ்ந்து மறைந்தவர்களை நினைத்துத் துணிமணி வைத்து, சமைத்துப் படைத்து, எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். பங்காளிகள் கூடிச் சமைத்து உண்ணும் ‘கூடி ஆக்கி உண்ணல்’ என்ற சடங்கு தனி. படைப்பில் விருந்தாளிகள் முன்னோர். உயிரோடு இருக்கிறவர்கள் பரிமாறுகிறவர்கள். பத்திரிகையிலும் முன்னோர் வருவார்கள். ‘தெய்வத்திரு’ என்ற அடைமொழியோடு ஐயாவின் பெயரும் அப்பத்தாவின் பெயரும் மணமக்கள் பெயருக்கு மேலேயே அச்சாகியிருக்கும். மங்கலக் காகிதத்தில் மறைந்தவர் பெயர் வரலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. தயக்கத்தையும் மீறிப் பெரும்பாலும் பெயர் வந்துவிடுகிறது. பேரன் கல்யாணத்தில் ஐயா அழைக்கப்படுகிறவர் மட்டும் இல்லையே, அழைக்கிறவர்களிலும் ஒருவர்.

அதற்கடுத்து இனிஷியல்கள். நகரத்தார் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் நாலைந்து எழுத்துகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் மிரண்டுபோவார்கள். அது ‘விலாசம்’. தகப்பனார், ஐயா, அவருடைய தகப்பனார் என்று பின்னோக்கிப் போகும் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில் இந்த விலாசமே கடையின் பெயராகவும் இருந்தது; பணம் அனுப்பும் உண்டியலிலும் அதுதான், கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான். செட்டிநாட்டு வட்டித்தொழிலை ஆராய்ந்து 1994-ல் புத்தகம் எழுதிய டேவிட் ரட்னர், இந்தச் சமூகத்தில் கோயில் கொடையையும் தொழில் நாணயத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாது என்று வாதிட்டார். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவர் சொன்னது எளிதாகப் புரிகிறது. மேலே சாமி, அடுத்து முன்னோர், அடுத்து விலாசம், அதற்குப் பிறகுதான் கல்யாணப் பையன்.

இனி, உயிரோடு இருக்கிறவர்களுக்கு.

பத்திரிகை வைக்கப் போவதற்கு இலக்கணம் உண்டு. தம்பதியாகப் போக வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை, கொட்டைப் பாக்கு, மஞ்சள், பழம், சின்னக் குங்குமச் சிமிழ், அதன்மேல் பத்திரிகை. வெற்றிலைக் காம்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்குக்கூட வீட்டுக்கு ஒரு சட்டம் இருக்கும். ராகுகாலம், எமகண்டம் பார்த்துக் கிளம்ப வேண்டும். போன வீட்டில் ஆச்சி முகப்பிலேயே எதிர்கொள்வார். “வாங்க, வாங்க. எப்ப வந்தீக?” என்று உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஊர்ச் சேதி பேசி, கடைசியாகத்தான் வந்த காரியம். எழுந்து நின்று, கிழக்கு முகமாக அவரை நிறுத்தித் தாம்பாளத்தை நீட்டி, “ஆச்சி, தம்பிக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். நீங்க முன்னாடியே வந்து நடத்திக் குடுக்கணும்” என்று சொல்ல வேண்டும். ‘வந்துட்டுப் போங்க’ என்று சொன்னால் குற்றம். ‘நடத்திக் குடுங்க’ என்பதுதான் மரியாதை. வருகிறவர் விருந்தாளியாக வந்துவிட்டுப் போகக் கூடாது, பொறுப்பாளியாக நிற்க வேண்டும் என்பது அதன் உள்ளர்த்தம்.

ஆச்சி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடுவார். கல்யாணத் தேதியைப் பார்க்க அல்ல. பெயர் வரிசையைப் பார்க்க. பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி வரும்: “பெரிய வீட்டுக்குச் சொல்லியாச்சா?” இதற்குத் தயாராகப் போகாத மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கு அகப்பட்டுக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

இந்த இலக்கணத்திலேயே ஒரு கசப்பும் உண்டு. தாம்பாளத்தை ஏந்திப் போகிறவர் சுமங்கலியாக இருக்க வேண்டும். வாங்குகிறவரும் சுமங்கலியாக இருந்தால் நல்லது என்பார்கள். கணவரை இழந்த ஆச்சிகள் பலர் பத்திரிகையை வாங்கக் கை நீட்டாமல், “மருமக கிட்டக் குடுங்க” என்று ஒதுங்கி நிற்பதை இன்றும் பார்க்கலாம். பிள்ளையை வளர்த்து, படிக்க வைத்து, சம்பந்தம் பேசி முடித்த தாயாரே தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போகாமல் வீட்டில் இருந்துவிடுவார். தாம்பாளம் ஒன்றுவிட்ட சித்தி கையில் இருக்கும். கோயில் கணக்கிலும் துணையை இழந்தவர் அரைப்புள்ளிதான். புள்ளிக் கணக்கு ஒரு வரவு செலவு ஏற்பாடு; ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றே. தாம்பாள விஷயம் அப்படி இல்லை. மனைவியை இழந்த செட்டியார் பத்திரிகை கொடுத்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இறந்துபோன ஐயாவின் பெயரைப் பத்திரிகையின் உச்சியில் அச்சடித்து அழைப்பவராக ஆக்குகிற மரபு, உயிரோடு இருக்கும் அப்பத்தாவைத் தாம்பாளத்தைத் தொடவிடாமல் நிறுத்துவதற்கு எந்தச் சமாதானம் சொன்னாலும் அது எடுபடாது. இப்போது சில வீடுகளில் தாயார்களே தாம்பாளத்தோடு வருகிறார்கள். நல்லது.

அழைப்பைவிட அழைக்காமல் விடுவதைப் பற்றித்தான் நம் புராணம் அதிகம் யோசித்திருக்கிறது. தட்சன் கதை அதற்காகவே இருப்பது போலத் தோன்றும். தட்சன் பெரிய வேள்வி நடத்தினான். தேவர்கள் எல்லாருக்கும் அழைப்பு. சொந்த மருமகனான சிவனுக்கு மட்டும் இல்லை. மறந்து விட்டதில்லை, வேண்டுமென்றே விட்டது. பிறகு வீரபத்திரர் வந்ததும், வேள்வி அழிந்ததும், தட்சன் தலை போய் ஆட்டுத்தலை வந்ததும் எல்லாருக்கும் தெரிந்தவை. செம்பனார்கோயில் பக்கத்தில் இருக்கும் திருப்பறியலூரில் அது நடந்ததாகச் சொல்கிறார்கள். அட்ட வீரட்டத் தலங்களில் அதுவும் ஒன்று. கச்சியப்பர் கந்தபுராணத்தில் தட்சனுக்கு ஒரு காண்டத்தையே ஒதுக்கினார்.

இதைச் சிவனுடைய கோபத்தின் கதையாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். பாகவதத்தின் நாலாவது ஸ்கந்தத்தைப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். அங்கே சிவனுக்கு வருத்தமே இல்லை. அழைக்கவில்லையா, சரி என்று இருக்கிறார். வருத்தம் தட்சன் மகளான சதிக்கு. தகப்பன் வீட்டில் விசேஷம். அக்கா தங்கைகள் நகைநட்டோடு விமானத்தில் போவதைப் பார்க்கிறாள். தகப்பன் வீட்டுக்கும் குரு வீட்டுக்கும் நண்பர் வீட்டுக்கும் அழைப்பில்லாமலே போகலாமே என்று கணவனிடம் வாதாடுகிறாள். சிவன் அதை மறுக்கவில்லை. நீ சொல்வது உண்மை, அவர்கள் மனத்தில் செருக்கும் பகையும் இல்லாதவரை என்று ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போடுகிறார். அவள் கேட்காமல் போகிறாள். போன இடத்தில் தாயாரும் சகோதரிகளும் தவிர ஒருவரும் வா என்று சொல்லவில்லை. அவள் உயிரை விடுகிறாள்.

பத்திரிகை வைக்காமல் விடுவதில் யாருக்கு வலி என்பதை இந்தக் கதை சரியாகப் பிடித்திருக்கிறது. விடப்பட்டவருக்கு அல்ல. அவருக்குக் கோபம் வரும், கௌரவம் பார்ப்பார், ‘நமக்கென்ன’ என்று இருந்துவிடவும் முடியும். வலி, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறவருக்கு. செட்டிநாட்டில் ஒவ்வொரு தலைமுறையிலும் அப்படிச் சில பெண்கள் இருப்பார்கள். பிறந்த வீட்டுக் கல்யாணத்துக்குத் தன் மாமனாருக்குத் தபாலில் பத்திரிகை வந்தது, நேரில் வரவில்லை என்பதற்காக, முகூர்த்தத்துக்கு மட்டும் தனியாக வந்து, தாலி கட்டியதும் சாப்பிடாமல் காரில் ஏறுகிற மகள். சண்டை போட்ட இரண்டு பெரியவர்களும் அவரவர் வீட்டில் சௌகரியமாகத்தான் இருப்பார்கள்.

அதனாலேயே அனுபவப்பட்ட வீடுகளில் ஒரு நடைமுறை இருக்கிறது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்கும் பத்திரிகை வைத்துவிடுவார்கள். நேரில் போக மனம் இல்லையென்றால் பொதுவான ஒருவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அவரும் வர மாட்டார். ஆனால் ‘சொல்லவில்லை’ என்ற பழி நிற்காது. இது சமாதானம் ஆகிவிடாது. பகை அதுபாட்டுக்கு இருக்கும். தட்சன் செய்யாமல் விட்டது இந்த ஒன்றைத்தான்.

துக்கத்துக்கு விதி வேறு. அங்கே யாரும் அழைக்க மாட்டார்கள். கேள்விப்பட்டதும் போக வேண்டும். பத்திரிகை வைத்துக் கூப்பிட்டால்தான் வருவேன் என்று கல்யாணத்தில் முறுக்கிக்கொண்டு நின்றவர், அதே வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாக வந்து பந்தலுக்குக் கால் ஊன்றிக் கொண்டிருப்பார். மனிதர்கள் கோபித்துக்கொள்வதற்குக் கல்யாணத்தை ஒதுக்கி வைத்திருப்பதே இந்த ஏற்பாட்டால்தானோ என்னவோ.

சரி, அழைத்தாயிற்று. அழைப்பில் எதிர்பார்ப்பு கலந்திருந்தால்?

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்துகள் நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ காரணமாக இருக்க வேண்டியதில்லை, விருந்தே மொய்க்காகத்தான். பத்திரிகை, பேனர், கறிச்சோறு, பணம் எண்ணும் இயந்திரம் எல்லாம் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு குடும்பத்துக்கு முறை வரும். வாங்கியதை அடுத்தவர் விருந்தில் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். அங்கே பத்திரிகை கிட்டத்தட்ட வசூல் சீட்டுதான். அதை யாரும் மறைப்பதும் இல்லை. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925-ல் எழுதிய நன்கொடை பற்றிய கட்டுரையில் கொடுப்பதும் கடமை, வாங்குவதும் கடமை, திருப்பிச் செய்வதும் கடமை என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னதை, வடகாட்டு விவசாயி ஒருவர் மோஸைக் கேள்விப்படாமலே இன்னும் தெளிவாகச் சொல்லிவிடுவார்.

நகரத்தார் கல்யாணத்திலும் மொய்ப்பண ஏடு உண்டு. ஆனால் அதில் ஏறும் தொகை பெரும்பாலும் பெயருக்குத்தான். ஏட்டில் பெயர் இருக்க வேண்டும். பணம் இரண்டாம் பட்சம். யார் யார் உறவு என்பதற்கு அந்த ஏடே பத்திரம். இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானத்தைப் போல அதையும் பெட்டகத்தில் வைத்துக் காப்பார்கள். அடுத்த கல்யாணத்துக்கு யாருக்கெல்லாம் பத்திரிகை என்று முகப்பில் உட்கார்ந்து பார்க்கும்போது கை முதலில் தேடுவது இதைத்தான். திருப்பிச் செய்ய வேண்டிய தொகை சிறிதாக இருப்பதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது: வசதி குறைந்த பங்காளியும் தலை நிமிர்ந்து எழுதிவிட்டுப் போகலாம்.

இந்த இடத்தில் மற்றச் சமயங்கள் இன்னும் கறாராகப் பேசுகின்றன. விருந்துக்குப் பணக்கார அயலாரை அழைக்காதே, அவர்கள் உன்னைத் திருப்பி அழைத்துவிடுவார்கள், கணக்கு அத்தோடு தீர்ந்துவிடும். திருப்பிச் செய்ய வழியில்லாத ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழை என்று லூக்கா நற்செய்தியில் இயேசு சொல்கிறார். பணக்காரர்களை அழைத்துவிட்டு ஏழைகளை விட்டுவிட்ட வலீமா என்னும் கல்யாண விருந்துதான் உணவிலேயே கெட்ட உணவு என்பது நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெறும் கூற்று. அழைப்பை ஏற்காமல் இருப்பதும் தவறு என்று அதே கூற்று தொடர்கிறது. காரைக்குடிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் கிறித்தவ வீடுகளிலும் அழைப்புப் பட்டியல் போடுகிறவர்கள் இதை அப்படியே கடைப்பிடிக்கிறார்களா என்றால், செட்டியார் வீடுகளைப் போலத்தான், பாதி. போதனை கடைப்பிடிக்கப்படுவதைவிட, பட்டியல் போடும் நேரத்தில் மனத்தை உறுத்துவதுதான் அதன் வேலை போலும்.

அந்தப் போதனையை வைத்துப் பார்த்தால் பிள்ளையாருக்கு வைத்த முதல் பத்திரிகைக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. அந்த ஒரு பத்திரிகைக்கு மட்டும் மொய்யும் கிடையாது, முறையும் கிடையாது. அவர் வரவில்லை என்று யாரும் குறைபட முடியாது. அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் போகவில்லையே என்று கூசவும் வேண்டாம். திரும்பி வராது என்று தெரிந்தே ஒன்றை வைத்துவிட்டுப் பட்டியலைத் தொடங்குகிறார்கள். மீதி எல்லாப் பத்திரிகைகளும் கொடுக்கல் வாங்கலில் சிக்கியவை. அதில் தவறில்லை, சிக்கிக்கொள்வதுதான் உறவு. ஆனாலும் கணக்கில் வராத ஒன்று முதலில் இருப்பது நல்லதுதான்.

நடைமுறைத் தொல்லைகள் இப்போது வேறு உருவம் எடுத்திருக்கின்றன. கண்டரமாணிக்கத்திலும் மற்ற நகரத்தார் ஊர்களிலும் பெரிய வீடுகள் பல பூட்டியே கிடக்கின்றன. சென்னையிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற பங்காளி, கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் வந்து கதவைத் திறப்பார். அவருக்குப் பத்திரிகையை எங்கே வைப்பது? பூட்டிய வீட்டின் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வாட்ஸாப்பில் படம் அனுப்புகிறார்கள். கூடவே ஒரு வரி: ‘நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்.’ இந்த வரியை ஏற்றுக்கொள்கிறவர்களும் உண்டு, ‘குரூப்பில் போட்டுட்டாக’ என்று முணுமுணுக்கிறவர்களும் உண்டு. ஆளுக்கு ஆள் தனியாக அனுப்பி, அடுத்த நாள் போனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முணுமுணுப்பு பாதியாகக் குறையும். நூறு பேருக்கு ஒரே நேரத்தில் போகிற அழைப்பு யாரையும் அழைத்ததாக ஆகாது என்பதைப் பெரியவர்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருவேன், வரமாட்டேன் என்று பதில் எழுதும் பழக்கம் நம்மிடம் கிடையாது என்பதால், “எத்தனை இலை?” என்று சமையல்காரர் கேட்கும்போது வீட்டுக்காரர் வானத்தைப் பார்ப்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

இத்தனை பேரும் உண்மையில் வேண்டுமா என்று கேட்டவர்களும் இதே மண்ணில் இருந்தார்கள். 1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தபோது, அழைப்பிலிருந்து பிள்ளையார் நீக்கப்பட்டார், புரோகிதரும் நீக்கப்பட்டார். கூட்டம் மட்டும் நீக்கப்படவில்லை. சாமி சாட்சி இல்லையென்றால் மனிதர்கள்தானே சாட்சி? அண்ணா ஆட்சியில் 1967-ல் வந்த சட்டத்திருத்தம் அந்தத் திருமணங்களை ஏற்றபோதும், உறவினர், நண்பர் அல்லது மற்றவர்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்றுதான் இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவில் எழுதியது. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு ஒரு படி மேலே போய், வழக்கறிஞர் அறையில் யாருக்கும் தெரியாமல் நடக்கும் திருமணங்கள் செல்லாது என்றது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: 7-ஏ பிரிவின்படி நடக்கும் திருமணத்துக்கு ஊரறிய அறிவிப்பதோ பொதுச் சடங்கோ கட்டாயமில்லை. வீட்டாருக்குப் பயந்து ஓடிவரும் காதலர்கள் ஊரைக் கூட்டித்தான் தாலி கட்ட வேண்டும் என்றால் உயிருக்கே ஆபத்து என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களை வெட்டிப் போடுகிற நாட்டில் அந்தத் தீர்ப்பு தேவைதான். அழைப்பு என்பது உறவை ஒப்புக்கொள்வது என்றால், ஒப்புக்கொள்ள மறுக்கிறவர்களிடம் போய்த் தாம்பாளம் ஏந்த வேண்டிய கட்டாயம் எந்த ஜோடிக்கும் இருக்கக் கூடாது. பகை இருக்கும் வீட்டுக்குப் போகாதே என்று சிவன் சதிக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதையேதான்.

ஆனால் நகரக் கோயில்களின் வழி வேறு. முன்கூட்டியே தெரிவிக்காமல் அங்கிருந்து மாலை வராது; மாலை வராமல் புள்ளியும் ஏறாது. அரசாங்கத்தின் சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதியப் போனாலும், வயதுச் சான்று, முகவரிச் சான்றோடு சேர்த்துக் கேட்கிற தாள்களில் ஒன்று கல்யாணப் பத்திரிகை. மூலைகளில் மஞ்சள் காய்ந்துபோன அதைக் கோப்பில் வைத்துக் கட்டிவிடுகிறார்கள்.